புது வீட்டுக்குப் பூந்தோட்டம்: எந்தச் செடி எங்கே நிலைக்கும்?

புது வீட்டின் சாவி கைக்கு வந்து, பால் காய்ச்சிக் குடியேறிய சில வாரங்களிலேயே பல குடும்பங்கள் நர்சரிக்குப் புறப்பட்டு விடுகின்றன. சுங்கை பூலோ போன்ற இடங்களில் சாலையோரம் நெடுக நர்சரிகள். பூத்துக் குலுங்கும் செடிகளைப் பார்த்ததும் கை தானாக நீளுகிறது. கார் நிறையச் செடிகளோடு வீடு திரும்புகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பாதிச் செடிகள் பட்டுப் போயிருக்கும். மீதிச் செடிகள் உயிரோடு இருக்கும். ஆனால் பூ இருக்காது.

"நமக்குக் கைராசி இல்லை" என்று அத்துடன் முடிவு கட்டிவிடுபவர்கள் அநேகர். கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வெயில் வேண்டிய செடி நிழலில் நிற்கிறது. ஈரம் தாங்காத செடி தண்ணீர் தேங்கும் மண்ணில் நிற்கிறது. ஆறடி அகலத்துக்கு வளரும் செடி இரண்டடி இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. செடி பட்டுப்போவதற்கு இவைதாம் காரணம்.

நம்மவர்களுக்குப் பூச்செடி வளர்ப்பு புதிய சங்கதி அல்ல. தோட்டப்புறத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். பூசைக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், தலையில் வைக்க மல்லிகையும் கனகாம்பரமும் வாசலிலேயே கிடைத்தன. தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு அதே குடும்பங்கள் பூவுக்குக் கடையை நம்பியிருக்கின்றன. வயதான தாயார் காலையில் தம் கையால் பறித்த நாலு பூவைச் சாமி படத்துக்கு வைக்க ஆசைப்பட்டால், அதற்கு வீட்டு வாசலில் இருக்கும் பத்தடி நிலமே போதும். அந்தப் பத்தடிக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் வெயிலை அளந்து பாருங்கள்

செடி வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறை நாளை இதற்கென ஒதுக்க வேண்டும். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாசலில் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் நேர்வெயில் படும் இடம் முழுவெயில் இடம். மூன்று முதல் ஐந்து மணி நேரம் படுமானால் பாதி நிழல். அதற்கும் குறைவானால் அதை நிழல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. அதனால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வடக்குப் பக்கம் சாய்ந்தும், செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை தெற்குப் பக்கம் சாய்ந்தும் நிற்கிறது.

வடக்கு பார்த்த வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 அடி உயரமுள்ள மாடி வீடானால், டிசம்பர் மாத நண்பகலில் அதன் நிழல் முன்பக்கம் சுமார் 12 அடி வரை விழும். பத்தடி வாசல் முழுவதும் அந்த நிழலுக்குள் அடங்கிவிடும். ஜூன் மாதத்தில் அதே வாசலில் வெயில் கொளுத்தும். ஜூன் மாதத்தில் பூத்துத் தள்ளிய மல்லிகை டிசம்பரில் ஒரு மொட்டுக்கூட விடாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். தெற்கு பார்த்த வீட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே ஜூன் மாதத்தில் சுமார் 9 அடி நிழல் விழும்.

கிழக்கு பார்த்த வாசலுக்குக் காலை வெயில் உறுதி. பூச்செடிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. மேற்கு பார்த்த வாசலில் பிற்பகல் வெயில் கடுமை. சிமெண்டுத் தரையும் மதிலும் சேர்ந்து சூட்டைக் கூட்டும். காகிதப்பூவும் மருதாணியும் அதைத் தாங்கும். மெல்லிய இலைச் செடிகள் வாடிவிடும்.

வீட்டு மண் வளமானதா?

புது வீட்டு வாசலில் பச்சைப் புல் விரித்துத் தருகிறார்கள். அதைத் தூக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். மேம்பாட்டு வேலையின்போது மேல்மண் வாரி எடுக்கப்பட்டு, அடியிலிருந்த மஞ்சள் அல்லது செம்மண் களிதான் அங்கே இருக்கும். கனரக இயந்திரங்கள் ஏறி இறங்கியதில் அது இறுகிப் போயிருக்கும். கூடவே செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்டு, ஆணி, பிளாஸ்டிக் எல்லாம் புதைந்து கிடக்கும்.

அந்த மண்ணைச் சோதிப்பது சுலபம். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலை வரை குழியில் தண்ணீர் நின்றால், அங்கே எந்தப் பூச்செடியை நேரடியாக நட்டாலும் வேர் அழுகும். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. வடிகால் இல்லாத மண்ணில் அவ்வளவு மழையும் வேரில்தான் நிற்கும்.

இதற்கு மேட்டுப் பாத்திதான் தீர்வு. தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, அடியிலுள்ள களியைக் கடப்பாறையால் கொத்தித் தளர்த்திவிட்டு, அதன்மேல் நல்ல மேல்மண்ணும் மக்கிய தழை எருவும் சிறிது மணலும் கலந்து நிரப்ப வேண்டும். செடிகளுக்குச் செலவு செய்வதாக எண்ணியிருக்கும் பணத்தில் பாதியை மண்ணுக்கு ஒதுக்கினாலும் தவறில்லை. நல்ல மண்ணில் நட்ட சிறிய செடி, கெட்ட மண்ணில் நட்ட பெரிய செடியை ஒரே ஆண்டில் முந்திவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் நாட்டு மண் இயல்பாகவே புளிப்புத் தன்மை உடையது. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்தால் அந்தத் தன்மை மாறிவிடும். புது மதிலை ஒட்டி நட்ட வெட்சிச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவதைப் பார்த்திருக்கலாம். எவ்வளவு உரம் போட்டாலும் அது சரியாவதில்லை. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாத நிலை அது. மதிலிலிருந்து ஓரிரண்டடி தள்ளி, கட்டடக் கழிவை நீக்கிய மண்ணில் நட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

புதர்ச்செடிகள்: தோட்டத்தின் தூண்கள்

பூந்தோட்டத்துக்கு உருவம் கொடுப்பவை புதர்ச்செடிகள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கப் போகிறவை என்பதால் இவற்றைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். நர்சரியில் ஓரடி உயரத்தில் பையில் நிற்கும் செடி, மூன்று ஆண்டில் எவ்வளவு அகலமாகும் என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி.

செம்பருத்தி: 1960-ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பூங்கா ராயா இதுதான். முழுவெயிலும் ஈரமும் பிடிக்கும். ஒரு பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள்தான். ஆனால் செடி நாள்தோறும் புதுப் பூ விடும். புதுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வரும் என்பதால் அவ்வப்போது நுனியை வெட்டிவிட வேண்டும். நாலைந்து அடி அகலம் ஒதுக்குங்கள். மாவுப்பூச்சி இதன் பரம எதிரி. இலைக்கு அடியில் வெள்ளையாகக் கண்டவுடன் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும்.

வெட்சி: இட்லிப்பூ என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பெரிய இலை வகை நாலைந்து அடி வளரும். குட்டை வகை இரண்டடிக்குள் அடங்கும். பாத்தி ஓரத்துக்கு அதுவே பொருத்தம். வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் தேடி வரும். முழுவெயிலில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நிழலில் இலை மட்டுமே.

நந்தியாவட்டை: பாதி நிழல் வாசல் உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். ஆண்டு முழுவதும் வெள்ளைப் பூ. அதிகக் கவனிப்பு தேவையில்லை. ஒற்றை அடுக்கு, பல அடுக்கு என இரண்டும் கிடைக்கின்றன. ஒடித்தால் பால் வடியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குண்டுமல்லி: மல்லிகை பூக்கவில்லை என்பது பல வீடுகளில் கேட்கும் புகார். ஆறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் மல்லிகை பூப்பது அரிது. இரண்டாவது காரணம், வெட்ட மனமில்லாமல் வளரவிடுவது. பூத்து முடிந்த ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் புதுத் தளிரோடு மொட்டும் வரும். இடுப்பு உயரத்திலேயே நிறுத்தி வளர்த்தால் வயதானவர்கள் எட்டிப் பறிக்க வேண்டியதில்லை.

பவழமல்லி: இரவில் மலர்ந்து விடியலில் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும் அந்த அழகுக்கு மயங்காதவர் இல்லை. ஆனால் இது சிறு மரமாகவே வளரக்கூடியது. மூலை வீட்டுக்காரர்கள் பக்கவாட்டு நிலத்தில் பத்தடி இடம் விட்டு நடலாம். வரிசை வீட்டின் சின்ன வாசலுக்கு இது ஒத்துவராது. மருதாணியும் அப்படித்தான், வெட்டிக்கொண்டே இருக்க முடிந்தவர்கள் மட்டும் வைக்கலாம்.

கொடிகள்: எப்படி ஏறும் என்று கேளுங்கள்

கொடியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவின் நிறத்தை மட்டும் பார்ப்பது போதாது. அது எப்படி ஏறுகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். சில கொடிகள் தண்டால் சுற்றி ஏறும். அவற்றுக்கு மெல்லிய கம்பியோ கயிறோ போதும். சில பற்றுக்கம்பியால் பிடித்து ஏறும். காகிதப்பூ, மஞ்சள் அலமண்டா போன்றவை தாமாக எதையும் பற்றுவதில்லை, கட்டிவிட்டால்தான் நிற்கும். சுவரில் வேர்விட்டு ஒட்டி ஏறும் கொடிகளும் உண்டு. அவற்றைப் பிடுங்கும்போது சாயமும் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். அண்டை வீட்டாரோடு பொதுவாக இருக்கும் மதிலில் அவற்றை ஏற்றாமல் இருப்பதே நல்லது. நட்டவர் ஒருவர், சுவர் கெடுவது இருவருக்கும் என்றால் மனக்கசப்பு வரத்தான் செய்யும்.

சின்ன வேலிக்குச் சங்குப்பூ மிகப் பொருத்தம். விதையை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பூக்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கும் நன்மை செய்கிறது. கிளந்தான் நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தருவது இந்தப் பூதான். இதன் ஆயுள் சில ஆண்டுகளே. ஆதலால் ஆண்டுதோறும் நாலு விதையை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காகிதப்பூவை நிலத்தில் நட்டவர்களுக்கு இலை கிடைக்கிறது. தொட்டியில் வைத்தவர்களுக்குப் பூ கிடைக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, வேர் சற்றுக் காயும்போதுதான் பூக்க முனையும். நாம் பூ என்று நினைக்கும் வண்ணத் தாள்கள் உண்மையில் இலைகளின் மாற்றுருவம். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. மழைக்காலத்தில் இலையாகத் தழைத்து, சில வாரம் வெயில் தொடர்ந்தால் நிறம் காட்டும். இறுக்கமான தொட்டி, முழுவெயில், குறைந்த தண்ணீர் ஆகிய மூன்றும் இருந்தால் காகிதப்பூ ஏமாற்றுவதில்லை. முள் இருப்பதால் பிள்ளைகள் ஓடும் பாதையோரம் வேண்டாம்.

இரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக மலர்ந்து, அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகி, பிறகு செந்நிறமாக மாறும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் மணமும் கிடைக்கும். ஆனால் இருபது அடிக்கு மேலும் ஓடக்கூடியது. கார் நிறுத்தும் கூரையின் இரும்புச் சட்டம் போன்ற வலுவான தாங்கல் இருந்தால் மட்டுமே இது சரிப்படும். மலாக்கா மாநில மலரான கெசிடாங் கொடியும் இதே போல் பெரிதாக வளரும். பண்டான் இலை போட்டு வடித்த சோற்றின் வாசம் அதன் பூவில் வீசும். வெளிநாட்டுக் கொடியைத் தேடி அலைபவர்கள் இந்த மண்ணின் கொடியையும் நினைத்துப் பார்க்கலாம்.

நிழல் வாசலுக்கும் கொடி உண்டு. வெள்ளைக் கூட்டிலிருந்து சிவப்புப் பூ எட்டிப் பார்ப்பது போலிருக்கும் கிளெரோடெண்ட்ரம் கொடி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் நன்றாகப் பூக்கிறது. அளவோடு வளர்வதால் ஒரு சிறு கம்பிச் சட்டமே போதும்.

பல்லாண்டுச் செடிகள்: தரையை நிரப்புபவை

செண்டுமல்லி, காசித்தும்பை போன்றவை ஒருமுறை பூத்துக் காய்த்ததும் ஆயுள் முடிந்துவிடும். பல்லாண்டுச் செடிகள் அப்படியல்ல. கிழங்கிலிருந்தோ வேரிலிருந்தோ மீண்டும் மீண்டும் துளிர்க்கும். குளிர்நாடுகளில் இவை பனிக்காலத்தில் மடிந்து வசந்தத்தில் எழும். நம் நாட்டில் பனிக்காலம் இல்லாததால் ஓய்வே இல்லாமல் வளர்ந்து, ஈராண்டில் நெருக்கியடித்துப் பூ குறையத் தொடங்கும். அப்போது தோண்டி எடுத்து, இளம் பகுதிகளைப் பிரித்து நட வேண்டும். பிரித்ததில் மிஞ்சுவதை அண்டை அயலாருக்குக் கொடுக்கலாம். நம் ஊர்த் தோட்டங்கள் காலங்காலமாக வளர்ந்த விதமே அதுதான்.

முழுவெயிலும் ஈரமும் உள்ள இடத்துக்குக் கல்வாழை. வடிகால் நன்றாக உள்ள வெயில் பாத்திக்கு நித்தியகல்யாணி; வேரில் தண்ணீர் நின்றால் இது உடனே அழுகிவிடும். பாதி நிழலுக்குக் கனகாம்பரம். மணமில்லாவிட்டாலும் வாடாமல் நிற்பதால் மல்லிகையோடு சேர்த்துத் தொடுக்க ஏற்றது. பாத்தி ஓரத்துக்கு மழை லில்லி. சில நாள் காய்ந்த பிறகு பெய்யும் மழைக்கு ஒரே நேரத்தில் பூத்துச் சிரிக்கும். சிறிய ஹெலிகோனியா வகைகள் நாலடிக்குள் நின்றாலும், அடிக்கிழங்கு நாலாபக்கமும் ஓடும். ஓரடி ஆழத்துக்குத் தகடோ ஓடோ புதைத்துத் தடுப்பு வைத்த பிறகே நட வேண்டும்.

காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும் டர்னேரா என்ற சிறு செடியைச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அறிந்திருப்பார்கள். அங்கே பாதையோரம் அதை நடுவது அழகுக்காக மட்டுமல்ல. செம்பனை இலையைத் தின்னும் கூட்டுப்புழுக்களைத் தாக்கி அழிக்கும் பூச்சிகளுக்கு அதன் தேன் உணவாகிறது. கொடி ரோஜா எனப்படும் ஆன்டிகோனோனையும் அதே நோக்கத்துக்காக நடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்திலும் இரண்டு டர்னேரா செடி இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் வந்து தங்கும். மருந்து அடிக்கும் தேவையும் குறையும்.

கேமரன் மலைச் செடிகளின் கதை

விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போய், திரும்பும்போது சாமந்தியும் ஜெரேனியமும் பெரிய பூ ரோஜாவும் வாங்கி வருவது வழக்கம். அங்குள்ள பூந்தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அந்தக் குளிர்ந்த இரவில் வளர்ந்த செடி, கிள்ளானிலோ ஈப்போவிலோ இரவிலும் புழுங்கும் காற்றில் மெல்ல மெல்ல மெலிந்துவிடும். ஆங்கிலேயத் தோட்டக்கலை நூல்களில் பார்த்து ஆசைப்படும் லாவெண்டர், டியூலிப் போன்றவற்றுக்கும் இதே கதிதான். அவற்றை ஓரிரு வாரம் மேசையில் வைத்து ரசிக்கும் பூக்களாக எண்ணி வாங்கினால் ஏமாற்றமில்லை. தோட்டத்துக்கு என்று வாங்கினால் பணம் விரயம். ரோஜா வேண்டும் என்பவர்கள், தாழ்நிலத்திலேயே வளர்த்துப் பழக்கப்பட்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அழகுக்குள் ஆபத்து

அரளி பூசைக்கு உகந்த பூவாக நம்மிடையே பெயர் பெற்றது. வெயிலையும் வறட்சியையும் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும். ஆனால் அதன் இலை, தண்டு, பூ, வேர் அனைத்துமே நஞ்சு. அது இதயத் துடிப்பையே பாதிக்கும். மஞ்சள் அரளியின் விதை இன்னும் கொடியது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் தங்கள் கோயில்களில் நிவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப் பூவைப் பயன்படுத்துவதைத் தவிர்க்க முடிவு செய்தன. தவழும் குழந்தையோ, கைக்கு எட்டியதை வாயில் வைக்கும் பேரப்பிள்ளையோ உள்ள வீட்டில் அரளியைத் தவிர்ப்பதே அறிவுடைமை. வெட்டிய கிளைகளைக் கொளுத்தவும் கூடாது. புகையும் தீங்கு செய்யும்.

அலமண்டாவின் பாலும் நித்தியகல்யாணியின் இலையும் உண்ணத் தகாதவை. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கான மருந்துகள் பிரித்தெடுக்கப்படுகின்றன என்பது உண்மை. அதற்காக வீட்டில் இலையைக் கசக்கிக் குடிப்பது ஆபத்தானது. நிழலுக்கென வைக்கும் டைபென்பாக்கியா இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும். செடி வாங்கும்போதே "இது நஞ்சுச் செடியா?" என்று கேட்டுவிடுவது நல்ல பழக்கம்.

இன்னோர் ஆபத்து கண்ணுக்கு எளிதில் தெரியாதது. ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, அன்னாசி இலை போல் நடுவில் தண்ணீர் பிடித்து வைக்கும் புரோமிலியாட் செடி, வேலிக்கு நட்ட மூங்கிலின் வெட்டுவாய் ஆகிய மூன்றும் கொசுவின் தொட்டில்கள். தட்டு இல்லாமல் தொட்டியைச் செங்கல் மேல் வைக்கலாம். மூங்கில் வாயை மணலால் அடைக்கலாம். வாரம் ஒருமுறை நின்று கவனிக்க நேரமில்லாதவர்கள் புரோமிலியாட் வாங்க வேண்டாம். வீட்டு வளாகத்தில் கொசு பெருக இடம் கொடுப்பவருக்கு 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் உண்டு. அபராதத்தை விட டெங்கி தரும் இழப்பு பெரிது.

சின்ன வாசலுக்கு ஒரு மாதிரி

இருபதடி அகல வரிசை வீட்டில் கார் பாதை போக எட்டடிக்குப் பத்தடி நிலம் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். வெயில் படும் வாசலானால் ஒரு செம்பருத்தி, ஒரு குண்டுமல்லி, பாத்தி ஓரத்தில் ஐந்தாறு குட்டை வெட்சி, வேலியில் ஒரு சங்குப்பூ, இடையில் டர்னேராவும் மழை லில்லியும். காகிதப்பூ வேண்டுமானால் வாயிலருகே ஒரு தொட்டியில். இவ்வளவே போதும்.

நிழல் வாசலானால் இரண்டு நந்தியாவட்டை, ஒரு கிளெரோடெண்ட்ரம் கொடி, வரிசையாகக் கனகாம்பரம், மிகவும் இருண்ட மூலையில் பெரணி. சூரியன் பக்கம் மாறும் வடக்கு, தெற்கு வாசல்காரர்கள் மல்லிகையைத் தொட்டியில் வைத்து, வெயில் இருக்கும் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

நட்ட புதிதில் செடிகளுக்கிடையே இடம் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையைப் பார்த்துப் பொறுக்காமல் மேலும் மேலும் செடி நடுவதுதான் இரண்டாம் ஆண்டில் காடாகிப் போவதற்குக் காரணம். காசித்தும்பை விதையைத் தூவி இடைவெளியைத் தற்காலிகமாக நிரப்புங்கள். புதர்ச்செடி பரந்து வரும்போது அதன் வேலை முடிந்திருக்கும். கழிவுநீர்க் குழாயின் மூடிக்கு மேலும், அதைச் சுற்றி மூன்றடிக்குள்ளும் நிலையான செடி எதையும் நட வேண்டாம்.

நர்சரியில் நிற்கும்போது

பூ நிறைந்த செடியை விட்டுவிட்டு, அடியிலிருந்தே பல கிளை விட்ட, மொட்டு மட்டும் உள்ள செடியை எடுங்கள். பையின் அடியில் தடித்த வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் அது வெகு நாளாக அங்கேயே நிற்கும் செடி, வேண்டாம். இலைக்கு அடியில் பூச்சி உள்ளதா எனத் திருப்பிப் பார்க்கத் தயங்க வேண்டாம். நர்சரியில் கறுப்பு வலைக்கடியில் வளர்ந்த செடியை நேரே வெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு வாரம் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரமாக வெயிலைக் கூட்டிப் பழக்கிய பிறகு நட வேண்டும். மாலை மழை தொடங்கும் ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் மேற்குக் கரை மாநிலங்களில் நடுவதற்கு நல்ல காலம். அப்போது மழையே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் பெருமழை உரத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும் என்பதால், உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் மாதம் ஒருமுறை கொஞ்சமாக இடுவதே சிக்கனம்.

அடுத்த முறை நர்சரிக்குப் புறப்படும்போது பணப்பையோடு வெயில் குறித்த அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு செடியையும் கையில் எடுத்து மூன்றே மூன்று கேள்வி கேட்டால் போதும்: இதற்கு எத்தனை மணி நேர வெயில் வேண்டும்? மூன்று ஆண்டில் எவ்வளவு அகலமாகும்? வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யுமா? இந்த மூன்றிலும் தேறிய செடியை நட்டுப் பாருங்கள். கைராசி தானாக வரும்.